பாரபட்சத் தலைவி

என் மனைவி இறந்த பிறகுதான் நியாயமானவள் ஆனாள். இதை நான் சொல்லவில்லை. நியாயத் தலைமை வாரியம் சொல்லியது. மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சொல்லியது. உயிரோடு இருந்தவரை அவளுடைய நியாயம் மிக மோசமான நிலையில் இருந்தது.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்வேன். பகலெல்லாம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் நான் வாயைத் திறக்கமாட்டேன். அவள் பகலெல்லாம் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு இருந்துவிட்டு வருவாள். அவர்களில் ஒருவராலும் பேச முடியாது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பேச ஆள் தேடித்தான் அவள் 'ஏழு கோட்டை'க்குள் போனாள்.

இணையத்தில் ஆடும் ஆட்டம் அது. எங்கெங்கோ இருக்கும் நாற்பது பேர் சேர்ந்தால் ஓர் அணி. அணியாகப் போய்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உள்ளே இருக்கும் வாள், கேடயம், மருந்து, குதிரை எல்லாம் அணிக்குச் சொந்தம். எதை யாருக்குக் கொடுப்பது என்று தலைவர் முடிவு செய்வார். கோட்டைக்கு நடக்கும் சண்டையைவிடப் பங்குக்கு நடக்கும் சண்டைதான் பெரியது என்பாள்.

சேர்ந்த வருஷமே அவளைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். எப்படி என்று கேட்டேன்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான். வேற எந்தத் தலைவரும் அதைக் கேட்டதில்லையாம்."

சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் கணினி, மறு பாதியில் நான். ஆட்டம் நடக்கும்போது எல்லார் குரலும் ஒலிபெருக்கியில் வரும். நான் தட்டை வைக்கும் சத்தம் கேட்டாலே அந்தப் பக்கத்திலிருந்து, "மாமா வந்துட்டாரா? மாமா, அக்காவைச் சாப்பிட விடாம நாங்கதான் பிடிச்சு வெச்சிருக்கோம், கோச்சுக்காதீங்க" என்று யாராவது சொல்வார்கள். அவள் அவர்களுக்கு அக்கா ஆனதால் நான் மாமா ஆனேன். ஒரே பெண்ணாய்ப் பிறந்தவளைக் கட்டிய எனக்கு, முகம் தெரியாத முப்பத்தொன்பது மைத்துனர்களும் மைத்துனிகளும் கிடைத்தார்கள்.

அவர்களில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவன் மின்னல். தட்டச்சு வேலை செய்பவன். விரல் அத்தனை வேகம். அணியில் முதல் ஆள் அவன்தான், அதை அவனே அடிக்கடி ஞாபகப்படுத்துவான். இன்னொருவர் ஆமை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்தில் வலது கையின் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று யாரோ சொல்லி ஆட்டத்துக்கு வந்தவர். ஒவ்வொரு சண்டையிலும் முதலில் சாவது அவர்தான்.

"ஆமை செத்துட்டாரா?" என்று ஒரு குரல் கேட்கும்.

"செத்துட்டேன்ப்பா."

"அப்ப சண்டை ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் தயாராகுங்க."

ஆமை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் நியாயத்தைக் கண்டுபிடித்தது. சில அணிகளில் தலைவர்கள் நல்ல வாளையெல்லாம் தங்கள் மச்சானுக்கே கொடுக்கிறார்கள் என்று புகார் வந்ததாம். அதற்காக ஒரு வாரியம் அமைத்து, ஒரு முறையையும் வகுத்தார்கள். சண்டையில் யார் எவ்வளவு வெட்டினார் என்று அந்தக் கணினி முறை தானாகவே கணக்கெடுத்து எல்லாரையும் வரிசைப்படுத்தும். அந்த வரிசைப்படிதான் பங்கு. தலைவர் அதை மீறினால் பாரபட்சம். அவருடைய நியாய மதிப்பெண் இறங்கும். பொருளில் மட்டுமல்ல, சொல்லிலும் பாரபட்சம் கூடாது. ஒருவரைப் பாராட்டினால் எல்லாரையும் பாராட்ட வேண்டும். ஒருவர் கேள்விக்கு எத்தனை வேகத்தில் பதில் சொன்னாரோ அதே வேகத்தில்தான் அடுத்தவருக்கும் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் என் மனைவி பழக்கதோஷத்தில் ஒருத்திக்கு "சபாஷ்" சொல்லிவிட்டாள். திரையில் எச்சரிக்கை மின்னியது. உடனே மற்றவர்களுக்கும் பேர் பேராகச் சபாஷ் சொல்ல ஆரம்பித்தாள். பாதிப் பேர் முடிவதற்குள் எதிரி உள்ளே புகுந்துவிட்டான். கடைசி ஆளுக்குச் சபாஷ் சொன்னபோது அவர்களுக்குக் கோட்டையே இல்லை. ஆனால் அன்று நியாய மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருந்தது.

"இது என்னங்க கூத்து?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். வாய்வு என்றாள்.

பிறகு அந்தக் கேடயம் வந்தது. ஐந்தாவது கோட்டையைப் பிடித்தபோது கிடைத்தது. அப்படி ஒரு கேடயம் ஆட்டத்திலேயே அபூர்வமாம்; எத்தனை வெட்டு விழுந்தாலும் தாங்கும். வரிசைப்படி அது மின்னலுக்குப் போக வேண்டும். அவள் ஆமைக்குக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, தப்பான ஆளை அழுத்திட்டீங்க" என்றான் மின்னல்.

"சரியாத்தான்ப்பா அழுத்தினேன்."

"அவர் இதுவரைக்கும் ஒருத்தனைக்கூட வெட்டினதில்லக்கா! போன தடவை சொந்தக் குதிரை மேல முட்டிச் செத்தாரு!"

"ஆமாம்மா, தம்பி சொல்றது சரிதான். அது என் குதிரையே இல்ல, அவன் குதிரை" என்றார் ஆமை. "எனக்கு எதுக்கும்மா இது?"

"கேடயம் எதுக்குய்யா? அடி வாங்கறவனுக்குத்தானே? அடியே வாங்காதவனுக்குக் கொடுத்தா ஆணியிலதான் மாட்டி வெப்பான். மின்னலு, உன்னை எவனாவது தொட்டிருக்கானா?"

"அதுக்காக? நான் கஷ்டப்பட்டு ஆடறது தப்பாக்கா?"

அவன் கோபத்தில் அன்றே புகார் கொடுத்துவிட்டான். விசாரணை முடியும்வரை கேடயத்தைப் பறித்து அணியின் கிடங்கில் பூட்டினார்கள். என் மனைவியின் பேருக்குக் கீழே சாய்ந்த தராசுப் படத்தோடு ஒரு முத்திரை விழுந்தது: பாரபட்சத் தலைவி. அவள் எந்தக் கோட்டைக்குப் போனாலும் முத்திரையும் தலைக்குமேல் கூடவே போயிற்று. எதிரிகள்கூடப் படித்துவிட்டுத்தான் வெட்டினார்கள்.

மறுநாளே மின்னலுக்குக் கோபம் தணிந்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று வாரியத்துக்குச் சொன்னான். புகார் கொடுத்தவர் மனம் மாறுவது தலைவர் மிரட்டியதற்கு அடையாளம் என்று பதில் வந்தது. முத்திரையின் எழுத்து இன்னும் பெரிதாயிற்று.

அதற்கடுத்த வாரம் அவள் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தாள். பல் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஈரலில் கட்டி என்றார்கள். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது நேத்து இன்னைக்கு வந்த வலி இல்லீங்க. பல மாசமா இருந்திருக்கணும். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"வாய்வுன்னு சொன்னா."

அவர் படத்தை உறைக்குள் போட்டார்.

படுக்கையில் இருந்தபோது அவள் வேறு எதையும் பற்றி அதிகம் பேசவில்லை. செல்பேசியில் அந்த முத்திரையைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பாள்.

"நான் பண்ணது தப்பாங்க?"

"தப்பில்ல."

"பின்ன ஏன் இப்படிப் போட்டுட்டாங்க? இத்தனை வருஷம் வேலை பார்க்கறேன். பல்லைப் பிடுங்கிக்கிட்டவங்ககூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அந்தப் பேரை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். விசாரணைக்கு நேரில் வரும்படி வாரியம் அவளை அழைத்திருந்த தேதியில் அவள் இல்லை.

காரியங்களெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மயங்கி விழுந்த அன்று காலையில் போட்டுவிட்டுப் போனது. திரையில் அவளுடைய ஆள், கோட்டை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். ஆடுபவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த உருவங்கள் மூச்சு விடும். தோள் மெல்ல ஏறி இறங்கும். அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அதை அழுத்தவில்லை.

வாரியத்தின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வரவேற்பில் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"உங்க தரம்?"

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர்."

"அது வேலை சார். ஆட்டத்துல என்ன தரம்?"

"நான் ஆடறதில்லீங்க."

சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தாள். 'தரமற்றவர்' என்று இருந்தது. உட்காரும் இடத்தில் நாற்காலிகள் படிப்படியாக உயரம் குறைந்துகொண்டே போயின. கடைசி நாற்காலி ஒரு சாண் உயரம். அதுவும் தரம் உள்ளவர்களுக்கு. நான் நின்றேன்.

என்னைக் கூப்பிட்ட நடுநிலை அலுவலர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அவருடைய நாற்காலி மிக உயரம். கால்கள் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தன. நான் அண்ணாந்து பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன். மனைவி தவறிவிட்டாள் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. மேஜைமேல் இருந்த ஓர் அட்டையை எடுத்து வாசித்தார்.

"தங்களுக்கு ஏற்பட்ட இழப்பை வாரியம் ஆழமாக உணர்கிறது. இத்தருணத்தில் வாரியம் தங்களோடு நிற்கிறது." அட்டையைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் ஒரே அனுதாபம்தான் சார். கூடவோ குறையவோ சொல்லக் கூடாது. உங்களுக்கு முன்னாடி வந்தவர் பாஸ்வேர்டைத் தொலைச்சவர். அவருக்கும் இதேதான் வாசிச்சேன்."

"அவருக்குத் திரும்பக் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

முத்திரையை எடுக்க வேண்டும் என்றேன். அவர் விளக்கினார். விசாரணையில் அவளே வந்து பேசினால் எடுக்கலாம். வராதவரை விசாரிப்பது அநியாயம் என்பதால் விசாரணை தள்ளிக்கொண்டே போகும். அதற்கும் ஒரு வழி உண்டு: மதிப்பெண் ஏறி, அவள் முதல் நூறு தலைவர்களுக்குள் வந்துவிட்டால் முத்திரை தானாக உதிர்ந்துவிடும்.

"அதுக்கு என்ன செய்யணுங்க?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இனிமே அவங்க பாரபட்சமா நடந்துக்காம இருந்தாப் போதும்."

"அது அவளால முடியும்" என்றேன்.

"சார், அவங்க இறந்தது எனக்குப் புரியுது. ஆனா முறைக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது. உயிரோட இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு பிரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சா அப்புறம் அதுக்கு எங்க முடிவு? அதுதான் எங்க பெருமையே." குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரியும் போன வருஷம்..." என்று ஆரம்பித்துவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். எனக்கு ஒதுக்கிய நேரத்தைவிட அதிகமாகப் பேசிவிட்டாராம். எங்கோ மணி அடித்தது.

அவர் சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு நாளும் நான் வேலையிலிருந்து வந்து திரையைத் துடைக்கும்போது அவளுடைய இடம் முன்னே போயிருந்தது. காரணத்தை ஆமை ஒலிபெருக்கியில் எனக்குச் சொன்னார். அணி தினமும் மாலை கூடிச் சின்னச் சின்ன இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிடைப்பதெல்லாம் தலைவி பிரித்துக் கொடுப்பதற்காகக் கிடங்குக்குப் போனது. தலைவி யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் சரிசமமாக இருந்தது. அவள் யாரையும் பாராட்டவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. முறை அவளைப்போல ஒருத்தியைப் பார்த்ததே இல்லை.

"மருந்து இல்லாம எல்லாரும் செத்துக்கிட்டிருக்கோம் மாமா" என்றாள் ஒரு பெண். "கிடங்கு நிறைய இருக்கு, தொட முடியாது."

"வேற அணிக்குப் போயிடலாமேம்மா?"

"போலாம். ஆனா அக்கா நிக்கறாங்களே."

நான் திரையைப் பார்த்தேன். கோட்டை வாசலில் அவளைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த சட்டையும் உடைந்த வாளுமாக இருந்தார்கள். நடுவில் அவள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறை வாரியத்துக்குப் போனபோது, எனக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அந்த நடுநிலை அலுவலர். அங்கே வேலை செய்பவர்களையும் தினமும் வரிசைப்படுத்துவார்கள். என்னிடம் அதிக நேரம் பேசியது அவர் கணக்கில் பாரபட்சமாகப் பதிவாகிவிட்டது. அவருடைய உயர நாற்காலியில் இப்போது வரவேற்பில் இருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காததால் ஏறி வந்தவள்.

"நல்ல செய்தி சார்" என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க மனைவி நூறுக்குள்ள வந்துட்டாங்க. முத்திரை உதிர்ந்துடுச்சு. விசாரணையும் முடிஞ்சாச்சு, கேடயத்தோட பூட்டையும் எடுத்தாச்சு."

வெளியே வரும்போது கதவருகே நின்றவர் என் கையை ஒரு கணம் பிடித்தார். அவருக்கு அதற்குக் கீழே இறங்க இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். முத்திரை இல்லை. அவள் கேட்டது இவ்வளவுதான். சுவரில் மாட்டிய அவள் படத்தின் முன்னால் நின்று, "எடுத்துட்டாங்க" என்று சொன்னேன். என்னவோ வேறு யார் வீட்டுச் செய்தியையோ அறிவித்ததுபோல இருந்தது.

வாரியம் அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அவள் ஏறிக்கொண்டே போனாள். ஒரு நாள் வாரியத்திலிருந்து கூப்பிட்டார்கள். எல்லா அணிகளின் எல்லாத் தலைவர்களிலும் என் மனைவி முதலிடம். பரிசு வாங்க நான் வர வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். சட்டையில் அதே 'தரமற்றவர்' அட்டை. மேடையின் பின்னால் பெரிய திரையில் அவளுடைய ஆள் இடுப்பில் கைவைத்து நின்றாள். வாரியத் தலைவர் பேச எழுந்தார். நாற்காலியிலிருந்து இறங்க அவருக்கு ஏணி வைத்தார்கள்.

"நண்பர்களே, நியாயமான தலைமை சாத்தியமான்னு எங்களைக் கேலி பண்ணவங்க உண்டு. இதோ, இவங்களைப் பாருங்க!" என்று திரையைக் காட்டினார். "முத்திரை உதிர்ந்ததுலேர்ந்து ஒரு புகார் இல்லை. ஒரு தப்பான பங்கீடு இல்லை. யாருக்கும் ஒரு வார்த்தை கூட்டியும் சொன்னதில்லை, குறைச்சும் சொன்னதில்லை. அணி ஜெயிச்சப்போ ஆடலை, தோத்தப்போ வாடலை. பக்கத்துல ஒருத்தன் செத்து விழுந்தப்போகூட இவங்க முகத்துல ஒரு சலனம் இல்லை. இந்தப் பக்குவம் ஒரு நாள்ல வராது. நாங்க மனசுல வெச்சு முறையை உருவாக்கின தலைவர் இவங்கதான். இங்க இருக்கற மற்ற தலைவர்களும் கூடிய சீக்கிரம் இவங்க நிலைமையை அடையணும்னு வாழ்த்தறேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாருக்கும் ஒரே அளவு கைதட்டல் என்பதால் மணி அடித்ததும் நின்றது.

எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் தலைவர் ஒருவர் ஆர்வமாகக் குனிந்தார். "சார், நானும் முயற்சி பண்றேன். தினமும் கொஞ்ச நேரம் எதையும் தொடாம உட்கார்ந்திருக்கேன். ஆனா யாராவது 'காப்பாத்துங்க'ன்னு கத்தினா கை தானாப் போயிடுது. உங்க மனைவி அதை எப்படிச் சமாளிச்சாங்க?"

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒலிவாங்கி எனக்குப் புதிதல்ல. அதன்முன் நான் தடுமாறியதே இல்லை. அன்று எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாதவன்போல நின்றேன். பின்னால் திரையில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். முத்திரை இல்லாத அவள் பேர் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வாரியம் அவளைப் பற்றி எழுதியவற்றிலேயே உண்மையானது அந்த ஒரு வரிதான். அதைத்தான் நான் போராடி அழித்திருந்தேன்.

"ஐயா, அவ பாரபட்சக்காரிதான்" என்றேன். "நீங்க போட்ட பேர் சரியானது. எனக்குப் பரிசு வேண்டாம், அதைத் திருப்பிப் போட்டுடுங்க."

வாரியத் தலைவர் கனிவாகச் சிரித்தார்.

"துக்கத்துல பேசறீங்க. எடுத்த முத்திரையைச் சும்மா திருப்பிப் போட விதியில்லை. அதுக்கு அவங்க மறுபடி பாரபட்சம் பண்ணணும். புகாரும் வரணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அதுக்கு இனிமே வாய்ப்பே இல்லைன்னு நான் உறுதி சொல்றேன்!" என்றார். மறுபடி ஒரே அளவு கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கியில் எல்லாரும் இருந்தார்கள்.

"மின்னல் இருக்கானா?"

"இருக்கேன் மாமா." அவள் போனதிலிருந்து அவன் குரலில் வேகமே இல்லை.

"கிடங்கை எப்படித் திறக்கறது?"

மின்னல் மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னான். "இடது பக்கம் சாவி மாதிரி ஒரு படம் இருக்கும்... அது இல்ல மாமா, அது குதிரை... ஐயோ, குதிரையை விட்டுட்டீங்க... பரவாயில்ல, ஓடட்டும். அதுக்குக் கீழ."

கிடங்கு திறந்தது. கேடயம் மேலேயே இருந்தது. ஆமையின் பேர் வரிசையில் கடைசியில் இருந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். 'இவர் தகுதி வரிசையில் கடைசி. இது பாரபட்சமாகக் கருதப்படும். தொடரவா?' என்று திரை கேட்டது.

ஒரு கணம் என் விரல் அங்கேயே நின்றது. இதே கேள்வியை அவளிடமும் கேட்டிருக்கும். எத்தனை தடவை கேட்டதோ. அழுத்தினேன்.

இடுப்பில் கைவைத்து நின்றவள் கையை எடுத்தாள். இரண்டடி நடந்து போய், கீழே உட்கார்ந்திருந்த ஆமையிடம் கேடயத்தை நீட்டினாள். ஒலிபெருக்கியில் யாரோ விசும்பினார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இது?" என்றார் ஆமை. என்னை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"மின்னல், நீ புகார் கொடுக்கணும்ப்பா" என்றேன். "அப்பத்தான் முத்திரை விழும்."

"என்னால முடியாது மாமா. ஒரு தடவை கொடுத்ததே இன்னும் நெஞ்சுல நிக்குது."

"நீதான்ப்பா கொடுக்கணும். அக்காவுக்காக."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே புகார் கொடுத்தான். அது பதிவான மணி அடித்ததும் இன்னொரு குரல் கேட்டது. மருந்தில்லாமல் சாகிறோம் என்று சொன்ன பெண். "நானும் கொடுக்கறேன். நான் மாசமா இருந்தப்போ என்னை மட்டும் சண்டைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டு, என் பங்கை எனக்குத் தந்தாங்க. பாரபட்சம்."

"எனக்குக் கணக்குப் பரீட்சைன்னு, என் காவல் முறையையும் அக்காவே நின்னு பார்த்தாங்க. பாரபட்சம்."

"எனக்கு வேலை போனப்போ தினமும் என்கிட்டதான் முதல்ல சாப்பிட்டியான்னு கேப்பாங்க. மத்தவங்களுக்கு அப்புறம்தான். நானும் எழுதறேன்."

"நான் சபாஷ் வாங்கினவ. அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனாரு. அக்காகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காமேல் புகார் கொடுக்க முண்டியடித்தார்கள். "தள்ளுங்கய்யா, நான் அவங்களை அதிக நாளாத் தெரிஞ்சவன்" என்று ஒருவர் சண்டை பிடித்தார். கடைசியில் ஆமையின் குரல் வந்தது. "எனக்கு இந்த விரலால எழுத நேரமாகும். யாரும் போயிடாதீங்க." யாரும் போகவில்லை. அவர் ஒவ்வோர் எழுத்தாக அழுத்துவது எல்லாருக்கும் கேட்டது.

அவர் முடித்ததும் முதலிடத்தில் இருந்த பேர் கீழே இறங்க ஆரம்பித்தது. பத்து, நூறு, ஆயிரம் என்று என் கண் முன்னாலேயே விழுந்து, எல்லாத் தலைவர்களுக்கும் கீழே போய் நின்றது. அதன் அடியில் சாய்ந்த தராசோடு எழுத்துகள் வந்தன. பாரபட்சத் தலைவி.

"வந்துடுச்சு மாமா" என்றான் மின்னல்.

"ம்" என்றேன். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

எனக்கும் ஒரு புகார் இருந்தது. கொடுக்க முயன்றேன். தரமற்றவர்களின் புகாரை முறை ஏற்காது என்று திரை சொல்லிவிட்டது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் இருவர் இருந்தோம். பல மாதங்கள் வலி முழுவதையும் அவள் தனக்கு வைத்துக்கொண்டு, தூக்கம் முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். பங்கீடு சமமாக இல்லை.

முத்திரை அப்படியே இருக்கட்டும்.